சுப்ரீம் மாடலில் என்னென்ன உண்டு

— ஆக, ராயல் மாடல்ல ஆறு ஏர்பேக் சார். சுப்ரீம்ல ஏழு.

— அந்த ஏழாவது எதுக்கும்மா? குறிப்பா சொல்லு.

— அது டிரைவரோட முழங்காலுக்கு சார்.

— கேட்டியா? முழங்காலுக்குன்னே தனியா ஒண்ணு. தரம்னு நான் சொல்றது இதைத்தான்.

— கேட்டேங்க. முழங்காலுக்கு இருக்கு. ஸ்கூல் கேட்டுத் தூணுக்கு ஏதாவது வெச்சிருக்காங்களான்னும் கேட்டுடுங்க.

— இந்தாம்மா, என் வீட்டுக்காரி பேச்சை நீ காதுல போட்டுக்காத. விக்கிறவ நீ, வாங்குறவன் நான். முதல்லேருந்து வா. மூணு மாடலையும் வரிசையா வாசி, நான் மார்க் போடுறேன். பாதுகாப்புக்கு நாப்பது, வசதிக்கு நாப்பது, கம்பீரத்துக்கு இருபது.

— ஒப்பிட்டுப் பாக்குற தாள் உங்க கையிலதானே சார் இருக்கு?

— இருக்கட்டும். எழுத்தர் வாசிப்பாரு, அதிகாரி கேப்பாரு. எங்க ஆபீஸ் முறை அது.

— வாசிச்சிடும்மா. ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆச்சு, அந்த எழுத்தர் வேலையை வீட்டுல நான் பாக்குறேன். பால் பாக்கெட்டுல இருக்குற தேதியைக்கூட வாசிச்சுக் காட்டினாத்தான் ஐயா காபி குடிப்பாரு.

— சரிங்கம்மா. கிளாசிக், ஒரு தடவை முழுசா சார்ஜ் போட்டா நானூத்தி எண்பது கிலோமீட்டர். ராயல், சுப்ரீம் ரெண்டுக்கும் பெரிய பேட்டரி, அறுநூத்தி இருபது. மூணுலயும் ஏழு சீட்டு. கிளாசிக்ல துணி சீட்டு. ராயல்ல தோல். சுப்ரீமும் தோல்தான், ஆனா உள்ளேருந்து ஜில்லுன்னு காத்து வரும்.

— எதுக்குள்ளேருந்துமா?

— சீட்டுக்குள்ளேருந்துங்கம்மா. நாம உக்கார்ற இடத்துலேருந்து.

— அந்த இடத்துக்குக் காத்து வாங்கவா இவ்வளவு விலை?

— நாலு பேர் இருக்குற இடத்துல பேசுற பேச்சா இது? எழுதிக்கம்மா, வசதிக்கு முப்பத்தெட்டு.

— அது போகட்டும் கண்ணு. கிளாசிக், ராயல், சுப்ரீம். அடக்கம்னு ஒரு மாடல் நீங்க போடறதே இல்லையா?

— அது... யாரும் கேக்கலைங்கம்மா.

— கேக்க மாட்டாங்க.

— கடைசி வரிசையைப் பத்திச் சொல்லு. அதை நிமித்தி வெச்சா பின்னால சாமான் வைக்க எவ்வளவு இடம்?

— கொஞ்சம்தான் சார். ரெண்டு ஸ்கூல் பை வைக்கலாம்.

— போதுமே! எனக்கு வேண்டியதும் அதுதான். பேரன் பை ஒண்ணு, பேத்தி பை ஒண்ணு. திங்கக்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு, இந்த வண்டியோட மக வீட்டு வாசல்ல நிப்பேன். வரமாட்டோம்னு அந்தப் புள்ளைங்க சொல்லுமா? அவதான் சொல்லுவாளா?

— சொல்லுவா. ஒன்பது நாளா சொல்லிக்கிட்டுத்தானே இருக்கா? ‘அப்பா ஓட்டுற எந்த வண்டியிலயும் என் புள்ளைங்க ஏறாது’ன்னா. எந்த வண்டியிலயும்னா அதுல சுப்ரீமும் சேத்திதாங்க.

— அவ சொன்னது பழைய வண்டியை மனசுல வெச்சு. கோளாறு அந்த வண்டியில. என்கிட்ட இல்ல.

— ஸ்கூல் கேட்டுல பத்தடி வழிங்க. லாரி போகும். பள்ளிக்கூடம் விட்டு வெளியே வர்ற நேரம். அவ்வளவு வழியையும் விட்டுட்டு நேரா போய்த் தூணுல சாத்தினது வண்டியா, நீங்களா? சின்னவனுக்கு உதடு கிழிஞ்சு ரெண்டு தையல்.

— ஒண்ணரைத் தையல்.

— தையல்ல ஏதுங்க அரை?

— இந்தாம்மா, இந்தக் குடும்ப விவகாரமெல்லாம் உனக்கு எதுக்கு? நான் யாருன்னு உனக்குத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் லைசன்ஸ் அதிகாரி. இந்த ஊர்ல எவன் ஸ்டியரிங்கைப் பிடிச்சாலும் நான் போட்ட கையெழுத்து அவன் பையில இருக்கும்.

— தெரியும் சார். நீங்க உள்ள வந்தப்பவே தெரிஞ்சிடுச்சு. என்னை ரெண்டு தடவை ஃபெயில் பண்ணினீங்க.

— ஓ. காரணம் இருந்திருக்கும்.

— முதல் தடவை, ரிவர்ஸ் எடுக்கும்போது அடையாளத்துக்கு வெச்சிருந்த ஒரு கூம்பைத் தொட்டுட்டேன். ரெண்டாவது தடவை எதையுமே தொடல. ‘கர்வமாக ஓட்டுகிறார்’னு எழுதினீங்க.

— சரியாத்தான் எழுதியிருக்கேன். அதைத் திருத்திக்கிட்டதாலதான் இன்னிக்கு இந்த வேலையில நல்லா இருக்க.

— என்னை மூணு தடவைம்மா. கட்டின பொண்டாட்டிக்குப் பாஸ் போட்டா ஆபீஸ்ல என்ன பேசுவாங்கன்னு. மூணாவது தடவை நான் வண்டியை ஸ்டார்ட்டே பண்ணல. கதவைத் திறந்தேன், ஃபெயில்.

— கண்ணாடியில பின்னால பாக்காம கதவைத் திறந்த.

— கூம்பைத் தொட்டவளுக்கு ஃபெயில். கதவைத் தொட்டவளுக்கு ஃபெயில். தூணை ஒடிச்சவருக்கு மட்டும் சுப்ரீம்.

— உன்கிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல. விலை விஷயத்தை உங்க மேனேஜர்கிட்டயே பேசிக்கறேம்மா. அதோ வாசல்கிட்டக் கைகூப்பி நிக்குறாரே, வந்தப்பவே வணக்கம் சொன்னேன். சிரிக்கிறாரே ஒழிய வாயைத் திறக்க மாட்டேங்குறாரு. வாடிக்கையாளரை இப்படியா மதிக்கறது?

— சார்... அது அட்டை சார்.

— எது?

— அந்த ஆளு. விளம்பர அட்டை. மேனேஜர் இன்னிக்கு லீவு.

— ...தெரியும். தத்ரூபமா இருக்கான்னு சோதிச்சேன்.

— ரெண்டு தடவை வணக்கம் வெச்சு சோதிச்சீங்க. சரி, இருக்கட்டும். கண்ணு, எனக்கு ஒரு சந்தேகம். ராயலுக்கும் சுப்ரீமுக்கும் பேட்டரி ஒண்ணு, சீட்டுத் தோலும் ஒண்ணுங்கற. முழங்காலையும் காத்தையும் விட்டா வித்தியாசம் எதுல?

— முக்கியமா ஓட்டுறதுக்கு உதவுற விஷயங்கள்ளங்கம்மா. ராயல்ல பின்னாடி ஒரு கேமரா மட்டும். சுப்ரீம்ல சுத்தி வர கேமரா, ராடார். கோட்டை விட்டு வண்டி விலகினா ஸ்டியரிங் தானா திரும்பிக்கும். முன்னாடி வண்டி நின்னா தானா பிரேக் பிடிக்கும். பார்க்கிங்கும் தானா பண்ணிக்கும், நாம வெளியே நின்னு பட்டனை அமுக்கினாப் போதும்.

— திரையில எழுத்தைப் பெருசு பண்ணிக்கலாமா?

— பண்ணலாம் சார்.

— எவ்வளவு பெருசு?

— மூணு அளவு இருக்கு சார்.

— மூணாவதுக்கு மேல?

— அதுக்கு மேல... திரை இல்ல சார்.

— ஏங்க, நீங்கதான் முப்பத்தோரு வருஷ அதிகாரியாச்சே. தானா திரும்புற ஸ்டியரிங், தானா நிக்குற பிரேக்கெல்லாம் எங்களை மாதிரி ஃபெயிலானவங்களுக்குத்தானே? உங்களுக்கு எதுக்கு?

— கம்பீரத்துக்கு.

— பிரேக்ல என்னங்க கம்பீரம்?

— உனக்குப் புரியாது. வாம்மா, வண்டியை ஓட்டிப் பாத்துடலாம். பேசினது போதும்.

— டெஸ்ட் டிரைவ்னா லைசன்ஸ் வேணும் சார். புத்தகத்துல எழுதணும்.

— இந்தா, போன மாசம் புதுப்பிச்சது. கண் பரிசோதனையில நூத்துக்கு நூறு. அட்டையோட கடைசி வரி வரைக்கும் தடுமாறாமச் சொன்னேன்.

— சொன்னீங்க. வாசிச்சீங்களா?

— என்ன கேள்வி இது?

— அந்த அட்டையை உங்க ஆபீஸ் சுவத்துல மாட்டினதே நீங்க. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் அதே அட்டை. ஆணி துருப்பிடிச்சதுக்கு ஆணியைத்தான் மாத்தினாங்க. முதல் வரி ட. ரெண்டாவது ப, ம. மூணாவது ர, ச, வ. எனக்கே தெரியுது.

— நாலாவது க, ட, ல, ந. அஞ்சாவது த, ய, ப, ழ, ர. எந்த வரியில எங்க கேட்டாலும் சொல்லுவேன்!

— பாத்தியாம்மா? இங்க அட்டையே இல்ல. அந்தப் பக்கம் பூந்தொட்டிதான் இருக்கு.

— அம்மா... சார்... தப்பா எடுத்துக்காதீங்க. வண்டியை ஓட்டும்போது பக்கத்து சீட்டுல நான்தான் உக்காரணும். எனக்கும் வீட்டுல ஒரு குழந்தை இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்களுக்கு நேர் எதிர்ல மஞ்சப் பலகை நிக்குது சார். பத்தடிகூட இருக்காது. அதுல என்ன எழுதியிருக்கு?

— நீ என்னை டெஸ்ட் பண்றியா?

— ஆமாம் சார்.

— ...ஷோரூம்ல வேற என்ன எழுதி வெப்பாங்க? நல்வரவு.

— ‘தரை ஈரம், பார்த்து நடக்கவும்’னு சார்.

— எழுதினவன் கையெழுத்து சரியில்ல.

— அச்சு எழுத்துங்க. போன வருஷத்துலேருந்து சொல்றேன், கண் டாக்டர்கிட்டப் போகலாம்னு. அங்க வேற அட்டை இருக்குமேன்னுதானே வரமாட்டேங்குறீங்க?

— சரி. போதும். எல்லாரும் சேந்து என்னை ஃபெயில் பண்ணிட்டீங்க. சந்தோஷமா? இப்ப நான் கேக்குறேன், இந்தப் பொண்ணு பதில் சொல்லட்டும். எனக்கு இருக்கறது ரெண்டு கண்ணு. அதுவும் இப்படி. இந்த வண்டிக்குச் சுத்தி வர கண்ணு. வண்டி பாத்துக்கும்னா நான் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? ரெண்டு புள்ளைங்களை ஸ்கூல்ல கொண்டு போய் விடணும், திரும்பக் கூட்டிட்டு வரணும். நாள் பூரா எனக்கு இருக்கற வேலை அந்த அரை மணி நேரம்தான்மா. அதுவும் போச்சுன்னா ஜன்னல்கிட்ட உக்காந்துக்கிட்டு நான் எதைப் பாக்கறது? சொல்லு. குறுக்க ஒரு ஆளு நின்னா இது தானா நிக்குமா, நிக்காதா?

— கிளாசிக்லயும் ராயல்லயும் நிக்காது சார். சுப்ரீம்ல நிக்கும்.

— முடிஞ்சுது. சுப்ரீம். வெள்ளைக் கலர்.

— சார், ஒரு நிமிஷம். தாளோட அடியில நட்சத்திரம் போட்டுப் பொடி எழுத்துல ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் நான் யாருக்கும் வாசிச்சுக் காட்டினதில்ல. வாசிச்சா வியாபாரம் ஆகாது.

— வாசி.

— ‘எதிர்வெயில், மழை, அடர்ந்த நிழல் ஆகியவற்றில் எதிரே நிற்பவரை வாகனம் கண்டறியாமல் போகலாம். பார்ப்பது எப்போதும் ஓட்டுநரின் பொறுப்பு.’

— திரும்ப வாசி.

— ‘எதிர்வெயில், மழை, அடர்ந்த நிழல்...’

— அது இல்ல. கடைசி வரி.

— ‘பார்ப்பது எப்போதும் ஓட்டுநரின் பொறுப்பு.’

— ஓட்டுநரின் பொறுப்பு.

— ஏங்க, என்ன பண்ணுது? எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம்.

— அன்னிக்கும் எதிர்வெயில்தான்.

— சரிங்க. ஆனது ஆச்சு. விடுங்க.

— விட முடியல. உக்காரு. நீயும் உக்காரும்மா, நீ எனக்குப் பரீட்சை வெச்சவ, முழுசையும் கேட்டுட்டு மார்க் போடு. நான் தூணைப் பாக்காம இடிச்சேன்னு எல்லாரும் பேசுறாங்க. இல்ல. தூணை நல்லாத்தான் பாத்தேன். தூணு ஒண்ணுதான் பளிச்சுன்னு தெரிஞ்சுது.

— என்னங்க சொல்றீங்க?

— வழி நடுவுல ஏதோ நின்னுச்சு. மங்கலா, உயரமா. குப்பைத் தொட்டியா, ஆளான்னு புரியல. பிரேக்கை மிதிச்சேன். இறக்கம், நிக்கல. தொட்டின்னா இடிக்கலாம். ஆளுன்னா? பின்னாடி ரெண்டும் பெல்ட் போட்டிருந்துச்சு, நீயும் போட்டிருந்த. தூணு பக்கம் திருப்பிட்டேன்.

— இதை ஏங்க இத்தனை நாளாச் சொல்லல?

— சொன்னா, கண்ணு தெரியலங்கறதையும் சேத்துச் சொல்லணும். அதைவிடத் தூணை இடிச்ச மடையன்னு பேர் வாங்கறது எனக்கு கௌரவமாத் தெரிஞ்சுது. இடிச்ச ரெண்டாவது நிமிஷம் மக வந்து கதவைத் திறந்தா. புள்ளைங்களை இறக்கினா. டாக்சி பிடிச்சுப் போயிட்டா. என்னைத் திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா அப்பவே சொல்லித் தொலைச்சிருப்பேன்.

— போகலாங்க.

— நீ என் பக்கத்து சீட்டுலதானே இருந்த? உன் கண்ணு நல்லாத்தானே தெரியுது? ஒன்பது நாளா உன்கிட்டக் கேக்கணும்னு நினைக்கிறேன், வாய் வரல. அங்க நின்னது என்ன?

— இப்ப எதுக்குங்க அது?

— தொட்டிதானே? தொட்டின்னு சொல்லிடு. நான் இந்த வண்டியும் வாங்கல, எந்த வண்டியும் ஓட்டல, சாவியை உன் கையில குடுத்துடறேன். தொட்டின்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடு.

— தொட்டி இல்லங்க. ஆபீஸ்ல சீக்கிரம் விட்டுட்டாங்கன்னு வந்து, நம்ம வண்டியைப் பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே கையாட்டிக்கிட்டு நின்னா, நம்ம பொண்ணு.