செல் அழித்தது என்று எழுதாதீர்கள்

லண்டன் நோர்பரியில் இரண்டு கடை. கிங்ஸ்பரியில் என் கையால் எழுப்பிய மூன்று வீடு. மனோர் பார்க்கில் நான் உடைத்துக் கட்டிய குசினிகளை எண்ண ஏலாது. ஏழாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் சரிவர வராமலே கவுன்சிலில் பிளான் பாஸ் பண்ணியவன். நம் ஊர்ச் சங்க மலரில் இவ்வளவும் என் படத்தோடு வருகிறது. வரட்டும். அதே மலரில் ஒரு பொய்யும் வருகிறது. அது நான் சொன்ன பொய்.

தொண்ணூறாம் ஆண்டு. ஆவணி. விடிய ஐந்தே முக்கால். யாழ்ப்பாணக் கரைக்குப் போகும் வள்ளம் நடுக்கடலில். பதினொரு பேர். பின்னால் எங்கள் தீவு புகைகிறது. ஆமி பீரங்கியால் செல் அடிக்கிறது. முதலில் தூரத்தில் ஒரு ‘தொம்’. பிறகு கூவல். எண்ணுகிறேன். ஏழில் வெடிக்கிறது. தண்ணீர் பனை உயரம் எழுகிறது. அடுத்தது ஐந்தில் வெடித்தது. வள்ளத்துக்குள் கடல் வந்தது.

ஓட்டி மரியதாஸ் கத்துகிறான்.

“பாரத்தைக் குறையுங்கோ! இல்லாட்டி எல்லாரும் கடலுக்கை!”

பெண்கள் மூட்டைகளைப் போட்டார்கள். ஒருவர் தையல் மெசினைப் போட்டார். மிஞ்சியது இரண்டு பாரம். ஒன்று என் காலடியில். சீமெந்தைக் கொட்டிக் கல் அரியும் இரும்பு அச்சு. நான் மேசன். அதுதான் என் பிழைப்பு. மற்றது நல்லையா வாத்தியாரின் மரப்பெட்டி.

ஊரில் அவருக்குப் பட்டம் சட்டி வாத்தியார். கிணறு வெட்டும்போது வரும் பானை ஓடு, பழங்காசு, உடைந்த சாடி எல்லாம் கேட்டு வாங்கிப்போவார். நானும் ஒருமுறை ஒரு சாடியின் கைப்பிடியைக் கொடுத்தேன். அதில் ரோசாப்பூ முத்திரை. யவனர் கப்பலில் வந்தது என்றார். “சட்டிக் காதுக்குத் தோடு செய்யப் போறியளோ, வாத்தியார்?” என்று பகிடி பண்ணினேன். அவரும் சிரித்தார். பெட்டிக்குள் அந்தப் பொருள்களோடு அவர் எழுதிய ஏழு கொப்பி. யவனர் காலம், சோழர் காலம், யாழ்ப்பாண அரசர் காலம். எங்கள் தீவின் முழுக் கதை. வேறு பிரதி இல்லை.

அவர் முன்பக்கம் குந்தியிருந்து தண்ணீர் இறைக்கிறார். மற்றவர்கள் தலை கவிழ்த்துக் கிடக்கிறார்கள். நான் பெட்டியைத் தூக்குகிறேன். திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, அது என்ரை இல்லை. ஊரின்ரை.”

கேட்டது. கேட்டுத்தான் போட்டேன். விளிம்பில் அடித்து மூடி திறந்தது. கொப்பிகள் மிதந்தன. அதே நேரம் மறுபடி கூவல். எல்லோரும் குனிந்தோம். நிமிர்ந்தபோது மரியதாஸின் கழுத்தில் செல் துண்டு பட்டிருந்தது. கரை சேரமுன் முடிந்துபோனான்.

என் அச்சு பெட்டியைவிடப் பாரம். அதை ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டது. இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

கரையில் வாத்தியார் என்னை ஏசவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

“பூட்டினபடியோ போனது?”

பூட்டியபடி போனால் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். என்றைக்கோ யாரோ எடுப்பார்கள். அவர் கணக்கு அது. ஓம் என்றேன். அந்த நம்பிக்கையோடு மார்கழியில், பள்ளிக்கூட அகதி முகாமில், காய்ச்சலில் செத்தார். நான் செய்ததை யாருக்கும் சொல்லாமலே செத்தார். அதற்குப் பிறகுதான், பெட்டியில் செல் விழுந்தது என்று சொல்லத் தொடங்கினேன். லண்டன் வந்தும் மேடையில் சொன்னேன். கை தட்டினார்கள்.

போன மாசியில் முதியோர் சங்கத்தோடு, பேத்தியையும் கூட்டிக்கொண்டு ஒரு மியூசியம் போனேன். ஒரு கிரேக்கத் தீவுக்கென்றே தனி அறை. ஆதிகாலச் சாடி தொடங்கி, இடைக்காலக் கோட்டைக் கல் வரை. அந்தத் தீவுக்காரர் ஒரு துண்டையும் விடவில்லை. கண்ணாடிக்குள் ஒரு கைப்பிடி. ரோசாப்பூ முத்திரை. முத்திரையின் பொருளைப் பேத்தி வாசித்துச் சொன்னாள். அந்தத் தீவின் அடையாளமாம். அப்பு, ஏன் அழுறீங்கள் என்று கேட்டாள். கண்ணில் தூசி என்றேன். அதுவும் பொய்.

இழந்தது இவ்வளவு. மரியதாஸ், இருபத்தாறு வயது. நல்லையா வாத்தியார், அறுபத்தெட்டு. கொப்பி ஏழு. முத்திரைக் கைப்பிடி ஒன்று. மற்ற ஓடும் காசும் எத்தனையென்று தெரிந்த ஒரே ஆள் வாத்தியார்.

மலர்க் குழுவுக்குச் சொல்கிறேன். ‘வாத்தியாரின் ஆவணங்கள் செல் விழுந்து அழிந்தன’ என்ற வரியை வெட்டுங்கள். செல் அதைத் தொடவில்லை. அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள். கந்தையா மகன் சிவலிங்கம், மேசன். தன் இரும்பை வைத்துக்கொண்டு ஊரின் பெட்டியைக் கடலில் போட்டவன். முழுப் பெயரும் வரவேண்டும். இந்த வேலையில் எனக்குக் கூட்டாளி இல்லை.