பனிவண்டியின் மௌனத்தைக் கேட்ட லோயிஸ் டெ பூர் அவர்களுக்கு

ஓடும் வண்டிகள் ஒன்றோடொன்று உரையாடும் ஓசையற்ற உலகை வரைந்தவரே! எந்த வண்டியின் சேதி எந்த வண்டிக்கு எட்டும், இடையில் ஒன்று அறுந்தால் எத்தனை வண்டிகள் தனித்துப்போகும் என்று இருபத்தாறு ஆண்டுகள் வண்டியைப் புள்ளியாகவும் சேதியைக் கோடாகவும் படம் போட்டுப் பார்த்தவரே! விடையைவிட வினாவை விரும்பிய வித்தகியே! மிச்சிகனின் வடகோடியில் பனி வாரிக் காய்த்த கைகள் வணங்கி எழுதுகின்றன. சொல்லில் குறையிருந்தால் பொறுத்தருள்க.

இன்றைய பாராட்டு விழாவில் தங்கள் பெருமைகளை ஆய்வுக்கூடத்தார் அடுக்கிச் சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒரு ஜனவரிக் காலை.

சாலைப் பனியை வாரி ஒதுக்கும் எங்கள் பனிவாரி வண்டிகளின் கூரையில் தாங்கள் ரேடியோக் கருவி பொருத்தியிருந்தீர்கள். முன்னே பனிவண்டி ஊர்கிறது என்று பின்னால் வரும் கார்களுக்கு அது சொல்ல வேண்டும். ஆர்லோ கெட்டுனென் ஓட்டிய ஏழாம் வண்டி மட்டும் ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஊமையானது. தங்கள் படத்தின்படி அங்கே கோடு இருந்தாக வேண்டும். கருவியை அணைத்துவிட்டு ஆர்லோ தூங்குகிறார் என்று முடிவுகட்டிய மேற்பார்வையாளர், வெள்ளிக்கிழமையோடு வேலையைவிட்டு நிற்கச் சொன்னார். பத்தொன்பது குளிர்காலம் ஓட்டிய மனிதர்!

வியாழனன்று தாங்களே வந்து ஏழாம் வண்டியில் ஏறினீர்கள்.

"என்ன மேடம், ஆபீஸ்ல ஹீட்டர் வேலை செய்யலையா?" என்றார் ஆர்லோ.

"உங்க வண்டி ஏன் பேச மாட்டேங்குதுன்னு பார்க்கணும்."

"காபி குடிக்கிற வரைக்கும் நானும்தான் பேச மாட்டேன். எம்மேலயும் ஒரு கருவிய மாட்டிடுங்க."

வழியெல்லாம் தாங்கள் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. பனி உருகச் சாலையில் தூவும் உப்பு குறையக் குறைய, மிச்சம் பின்னால் சரியட்டும் என்று ஆர்லோ வண்டியின் முதுகிலிருந்த உப்புப் பெட்டியை விசையால் மெல்லத் தூக்கினார். தங்கள் மடியிலிருந்த திரையில் கோடுகள் ஒவ்வொன்றாய் அறுந்தன.

"நிறுத்துங்க! இப்ப என்ன செஞ்சீங்க?"

"பெட்டிய தூக்கினேன். தூக்காம உப்பு எப்படி விழும்?"

"எல்லா வண்டியும் தூக்குமா?"

"புதுசுல எல்லாம் அடியில பட்டை ஓடி உப்பைத் தள்ளிடும். இந்தக் கிழவி மட்டும்தான் முதுகைத் தூக்குவா."

தாங்கள் இறங்கி, கருவிக்குப் பின்னால் சேதியை மறிக்கும் இரும்புச் சுவராய் எழுந்து நின்ற பெட்டியை அண்ணாந்து பார்த்தீர்கள். குளிரில் மூக்குச் சிவக்கச் சிரித்தீர்கள்.

"என் படத்துல உங்க வண்டி வெறும் புள்ளி, ஆர்லோ. புள்ளிக்கு முதுகே கிடையாது!"

மறுநாள் அந்தப் படத்தை அரசு ஏற்பதாக இருந்தது. வாய்திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தாங்களோ அன்று மாலையே மேற்பார்வையாளரின் மேசைமுன் நின்று, "தப்பு ஓட்டுநரோடது இல்ல, என்னோடது" என்று சொல்லிப் படத்தைத் திரும்பப் பெற்றீர்கள். வண்டிகளுக்கெல்லாம் உயரமும் உடம்பும் கொடுத்து மறுபடி வரைய இரண்டாண்டு பிடித்தது. அதற்காகத் தாங்கள் முகம் சுளித்துக் கண்டவர் எங்களில் இல்லை.

மாசற்ற மனத்தவரே! முழங்கால் நோகாமல், மூளை ஓயாமல், இன்னும் பல குளிர்காலம் கேட்டுக்கொண்டே இருங்கள்!

இம்மடலை ஆர்லோ வாசிப்பதாக இருந்தது. காலையிலிருந்து பனி கொட்டுகிறது. அவர் சாலையில் இருக்கிறார். வராததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னார். நாங்கள் எழுதவில்லை. வண்டி ஓட்டுகிறவர் வண்டியில் இருக்கிறார்; அதற்கு எதற்கு மன்னிப்பு?

அன்பு மாறாத,
பனிவாரி வண்டிக் கொட்டகைத் தொழிலாளர்கள்