கொண்டுவராத குடை

நோயாளிகளைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. அதிலும் அந்தப் பெரியவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், நேரம் தவறாதவர். அவரைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

தலையில் காந்தச் சுருளை வைத்து மங்கும் மூளையைத் தட்டி எழுப்புவது என் ஆராய்ச்சி. கத்தி இல்லை, ரத்தம் இல்லை. மறதி எட்டிப் பார்க்கும் முதியவர்களில் பாதிப் பேருக்கு நிஜச் சிகிச்சை. மீதிப் பேருக்குச் சுருளைத் திருப்பி வைப்போம்; அதே டக் டக் சத்தம், உள்ளே ஒன்றும் போகாது. யார் எந்தப் பாதி என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்துகொண்டேன். பெற்ற பிள்ளையின் மார்க்கை எட்டிப் பார்க்காத அப்பன் உண்டா?

டிரைவர் போலிப் பாதி. தேறியதும் அவர்தான்.

காரணம், காத்திருக்கும் அறையில் ஒரு தையல்கார அம்மா.

"என்ன டிரைவரே, இன்னிக்காவது என் பேரு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. சொன்னா உங்களுக்குத் தலைக்கனம் ஏறிடும்."

இப்படிச் சிரித்தால் எந்த மூளைதான் தூங்கும்? ஆனால் போலிப் பாதியே தேறினால் என் மிஷினை யார் நம்புவார்கள்? மாநாட்டு மேடையில் சிரிப்பை வரைபடமாகக் காட்ட முடியாதே.

அந்த அம்மாவை மாலை நேரத்துக்கு மாற்றினேன். டிரைவர் அவளைத் தேடியபோது, "எந்த அம்மா? நீங்க எப்பவும் தனியாத்தானே உக்காந்திருப்பீங்க," என்றேன். அன்பாகத்தான். பிறகு அவர் குடையை என் அலமாரியில் வைத்துவிட்டு, "நீங்க குடையே கொண்டுவரலையே ஐயா," என்றேன். முதலில் வாதாடினார். போகப் போக மன்னிப்புக் கேட்டார்.

அடுத்த ஞாபகச் சோதனையிலும் தேறினால்தான் சொந்த வீட்டில் தனியாக இருக்கலாம், இல்லையென்றால் முதியோர் இல்லம் என்று மகள் சொல்லியிருந்தாள். அவர் ஒரு நாள் தவறாமல் வந்தது அதற்காகத்தான். சோதனையில், காலமெல்லாம் பஸ் ஓட்டிய வழித்தடத்தின் எண்ணே அவருக்கு வரவில்லை. மகளிடம் வருத்தத்தோடு சொன்னேன். என் வரைபடம் நேரானது. மாநாட்டில் அரங்கமே எழுந்து கைதட்டியது.

இல்லத்துக்குப் போகும் வழியில் விடைபெற வந்தார். "இந்த மிஷின் மட்டும் இல்லன்னா நான் இன்னும் மோசமாயிருப்பேன்ல, டாக்டர்?"

"ஆமாங்கய்யா."

வெளியே நல்ல மழை. அலமாரியைத் திறந்து குடையைக் கொடுத்திருக்கலாம். ஆனால் கொண்டுவரவே இல்லை என்று அவரே இப்போது நம்புகிறார். மறதிக்காரரைக் குழப்புவது மருத்துவ தர்மம் அல்ல.