இரண்டு விரல் தள்ளி நின்ற போல்ட்டுகள்

நல்ல பலகை இந்தச் செம்புச் சுரங்க ஊரில் லேசில் கிடைப்பதில்லை, ஐயா. கண்ணில் பட்டால் மனிதனுக்குக் கோழிக்கூடு ஞாபகம்தான் வரும்.

கல் உடைக்கும் இயந்திரத்துக்கு அஸ்திவாரம் போட்டோம். இயந்திரத்தின் அடித்தட்டில் எங்கே ஓட்டை இருக்கிறதோ, அங்கேதான் கான்கிரீட்டிலிருந்து போல்ட் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்காக, ஓட்டை போட்ட பலகையில் போல்ட்டுகளைக் கோத்து அசையாமல் இறுக்கிவிட்டுக் கான்கிரீட் கொட்டுவோம். அது இறுகும்வரை பலகையைத் தொடக் கூடாது. நான் அன்று மாலையே கழற்றிக்கொண்டு போய்விட்டேன். கோழிகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

காலையில் பார்த்தால், நடைபாதைப் பக்கத்து போல்ட்டுகள் இரண்டும் இரண்டு விரல் தள்ளி நிற்கின்றன. திட்டிப் பார்த்தேன். இறுகிய கான்கிரீட்டுக்குக் காது கிடையாது.

மேஸ்திரியிடம் சொன்னால் மொத்தத்தையும் உடைக்கச் சொல்வார், என்னையும் வீட்டுக்கு அனுப்புவார். ஆகவே இரண்டையும் தரையோடு அறுத்தேன். சரியான இடத்தில் குழி குடைந்து, விரல் நீளத் துண்டுகளை நட்டுச் சிமெண்ட் பூசினேன். உள்ளே முழங்கை ஆழம் இறங்கியிருக்க வேண்டியவை அவை. பார்வைக்கு மற்றவற்றைவிட லட்சணமாக இருந்தன. இன்ஜினியர் அளவுநாடா பிடித்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

அந்தப் பக்கம் நின்று கிரீஸ் வைக்கிறவன் முவாபா. அவன் பெம்பா இனம், நான் ங்கோனி இனம். உங்கள் பெம்பா ஆட்களும் எங்கள் ஆட்களும் அந்தக் காலத்தில் வெட்டிக்கொண்டதற்கு இன்று கேலிமுறை கொண்டாடுகிறோம். கண்ட இடத்தில் வைதுகொள்ளாவிட்டால்தான் மனஸ்தாபம்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதுமே அவனிடம் சொல்லிவிட்டேன்.

"மச்சான், அந்தப் பக்கம் நிக்காதே. ரெண்டு போல்ட்டுக்கு வேரே இல்ல. நான்தான் அறுத்தேன்."

"எலி தின்னுற பயலுக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு. இரும்பையும் அறுக்குதே."

"நெசமாத்தான்டா சொல்றேன்."

"என் வேலை மேல கண்ணு வச்சிட்டியா? போ, போய் எலிக்குப் பொறி வை."

"நீ செத்தா உன் வீட்டுக் குரங்குக் கறிய யாரு திங்கறது? தள்ளி நில்லு."

அவன் பக்கத்து ஆட்களைக் கூப்பிட்டு இதைச் சொல்லிச் சிரித்தான். கிரீஸ் வைக்கும் வாய் அந்தப் பக்கம்தான். வேறெங்கே நிற்பான்?

போன வெள்ளிக்கிழமை என் துண்டுகள் பால்பல் மாதிரி கழன்றுவிட்டன. இயந்திரம் ஒருபக்கமாகத் தூக்கிச் சாய்ந்தது. முவாபாவுக்குச் சத்தம் போடக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

இழவு வீட்டில் சமைப்பதும் குழி வெட்டுவதும் கேலிமுறைக்காரர்களின் பொறுப்பு. செத்தவனைக் கிண்டல் செய்து அழுகிறவர்களைச் சிரிக்கவைக்கவும் வேண்டும். அதனால் பெட்டிப் பக்கத்தில் நின்று, "இவனைக் கொன்னது நான்தான்" என்றேன். கூட்டம் சிரித்தது. பலகையைச் சொன்னேன், அறுத்ததைச் சொன்னேன். சிரிப்பு கூடிக்கொண்டே போனது. அவன் மனைவி சொம்பா அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள்.

"கொன்னதுதான் கொன்னே, குழியயாவது ஒழுங்கா ஆழமா வெட்டக் கூடாதா, சோம்பேறி ங்கோனி?"

பந்தியில் என் தட்டில் இன்னொரு உருண்டை சோளக்களி வைத்ததும் அவள்தான்.

நான் வேறு என்ன செய்ய முடியும், ஐயா? யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். இதோ, நீங்களும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்கிறீர்கள்.

எங்களோடு கேலிமுறை இல்லாத அந்த டோங்கா அதிகாரி, அதோ அந்த மேசைக்காரர், விபத்து வாக்குமூலம் எழுத என்னை முதலில் கூப்பிட்டார். அவரிடம் கூட்டமே இல்லை. உங்கள் சட்டையில் கபாசோ என்ற பெம்பாப் பெயரைப் பார்த்தேன். பரவாயில்லை, நான் இந்த வரிசையிலேயே நிற்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.