கடைசியாக வந்தவனுக்குக் கைதட்டல்

முழங்கால் வலியோடு ஓட மறுத்த மகனுக்கு வலி மாத்திரை கொடுத்து ஓடவைத்தவன் நான். பதக்கங்கள் வந்தன. பிறகு மாத்திரை இல்லாமல் அவனால் இருக்க முடியவில்லை. சிகிச்சை முடிந்து அவன் மறுபடி ஓடிய அன்று, மைதானத்துக்கு வரமாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கடலூர் பேருந்து நிலையத்திலேயே காத்திருந்தேன். மைதானத்திலிருந்து வந்த ஒரு மாணவன், என் முன் இருக்கையில் இருந்த நண்பனிடம் கத்தினான்.

“மச்சான், கடைசியா வந்தவனுக்குத்தான்டா ஜாஸ்தி கைதட்டல்!”

“யாருடா அது?”

“மாத்திரையால வீணாப்போனானே, அந்த சிதம்பரத்துக்காரன். சிரிச்சிக்கிட்டே ஓடுறான்டா!”

“அவுங்கப்பா ஸ்டாப்வாட்ச்சோட நின்னு திட்டுவாரே?”

“வரலடா. அதான் சிரிக்கிறான்!”

சற்று நேரத்தில் மகன் வியர்வையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“கடைசிதாம்பா,” என்றான், சிரித்தபடி.

எத்தனை நிமிடம் என்று நான் கேட்கவில்லை.