காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று

— இங்க வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்லையே அங்கிள்! இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க, லைட்டை இந்தப் பக்கம் திருப்பறேன். ஈறை வெட்டி எடுக்கத்தானே இன்னைக்கு வரச் சொன்னேன்?

— வெட்ட வேண்டாமா டாக்டரம்மா? நெசமாவா சொல்லுதிய? மாதாவே, உனக்குத் தோத்திரம்! நேத்து டியூட்டி முடிஞ்சி வந்து விடியுத வரைக்கும் இவிய தூங்கல. கத்தி வைப்பாவளோ, ரத்தம் நிக்குமோன்னு பொரண்டு பொரண்டு படுத்தாவ.

— ஆ... ஆஅ...

— நீங்க பேசாம வாயத் தொறந்து வையுங்க. நான் சொல்லிக்கிடுதேன்.

— லூசி ஆன்ட்டி, நீங்களே வந்து பாருங்க. போன தடவை முன்பல்லுல பாதிக்கு மேல ஈறு ஏறி மூடியிருந்துச்சு. இப்ப எல்லாம் இறங்கிடுச்சு. என்ன பண்ணினீங்க?

— நீங்க சொன்னதத்தான் செஞ்சேன். காலையும் ராத்திரியும் குட்டிப் பிரஷ்ஷ வச்சி ஒவ்வொரு பல்லு இடுக்கா நானே தேச்சி விட்டேன். வெந்நில உப்புப் போட்டுக் கொப்புளிக்க வச்சேன். பக்கத்து குவாட்டர்ஸ் ராசம்மா பாத்துட்டுச் சிரிக்கா. "கிட்னியும் குடுத்த, இப்ப பல்லும் வெளக்கி விடுதியா"ன்னு கேக்கா. "கிட்னி என்னுதுல்லா, அது குடியிருக்குத வீட்ட நாந்தானே பெருக்கணும்"னு சொல்லிட்டேன்.

— சரி அங்கிள், கொப்புளிச்சுத் துப்புங்க. இப்பப் பேசலாம்.

— அப்பாடா! கேட்டீங்களா மேடம்? வீட்டுலயும் இதே கதைதான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவ பதில் சொல்லி முடிச்சிருப்பா.

— அரே, உங்க பேச்சு எவ்வளவு தெளிவா இருக்கு! முன்ன நீங்க சொல்றதை ஆன்ட்டிதான் எனக்குத் திருப்பிச் சொல்லுவாங்க.

— அதையேன் கேக்குதிய டாக்டரம்மா. இந்த வாரந்தான் கப்பல் தொறையில அறிவிப்பு சொல்லுத மைக்க இவிய கையில திரும்பக் குடுத்தாவ. நான் அடுப்படியில மீன் கழுவிக்கிட்டு நிக்கேன். கட்சால் தீவுக்குப் போற கப்பலுக்கு ஆளக் கூப்பிடுதாவ. முதல்ல இந்தி, பிறகு பெங்காலி, பிறகு நம்ம தமிழு. 'பயணிகள் கவனத்திற்கு'ன்னு காதுல விழுந்ததும் அப்படியே வாசல்ல வந்து நின்னேன். கையெல்லாம் செதிலு. கண்ணத் தொடைக்கக்கூட முடியல. நின்னு அழுதேன்.

— வேணும்னே உன் குவாட்டர்ஸ் பக்கம் ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கச் சொன்னேன், தெரியுமா?

— தெரியும், தெரியும். டாக்டரம்மா, தூத்துக்குடியில இருந்து கல்யாணத்துக்குன்னு கப்பல்ல வந்தவ நான். வழியெல்லாம் வாந்தி. அந்தமான் வந்து ஹேடோ தொறையில எறங்குனா, எங்க திரும்புனாலும் இந்தி. எங்கப்பா கையப் புடிச்சிக்கிட்டு, திரும்பிப் போயிருவோம்ப்பான்னு அழுதேன். அப்ப மைக்குல தமிழ் கேட்டுச்சி. 'அவசரம் வேண்டாம், பிள்ளைங்க கையைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்குங்க'ன்னு. அப்பா சொன்னாவ, 'ஏ புள்ள, அதாம் மாப்பிள்ளை'ன்னு. மூஞ்சியப் பாக்கதுக்கு முந்தி கொரலத்தான் பாத்தேன்.

— நானும் அந்தக் குரல் கேட்டு வளர்ந்தவதான் ஆன்ட்டி. எங்கப்பா லாங் ஐலண்ட் ஸ்கூல்ல வாத்தியார். லீவு முடிஞ்சு கப்பல் ஏற வருவோம். அங்கிள் குரல் வந்துட்டா எங்கம்மா டீயைப் பாதியில வச்சுட்டு ஓடுவாங்க.

— அப்படியா மேடம்? உங்கம்மா மாதிரி எத்தனை பேரு! அதுக்கப்புறம்தான் கிட்னி போச்சு. சென்னைக்குப் போய் இவளோடதை வச்சுட்டு வந்தோம். உயிர் வந்துச்சு, வாய் போச்சு. வாய்க்குள்ள துணி அடைச்ச மாதிரி. கூலிப் பசங்க என்னை மாதிரியே பேசிக் காட்டுவாங்க. எங்க ஆபீசர் சாப் ஒரு நாள் தோள்ல கையைப் போட்டு, 'வேதநாயகம், ஜனங்களுக்குப் புரியலப்பா'ன்னாரு. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. அவ்வளவுதான், மறுநாள்ல இருந்து பார்சல் கோடவுன்ல வேலை.

— இப்பத்தான் நல்லாயிட்டுல்லா, அத ஏன் பேசுதிய? விடுங்க.

— அங்கிள், ஒண்ணு கேக்கறேன். சென்னைல மருந்து எதுவும் மாத்தினாங்களா?

— பிரஷர் மாத்திரைய போன்லயே மாத்துனாவ டாக்டரம்மா. நீங்க எழுதிக் குடுத்தியல்லா, அதுவும் ஈற வளக்கும்னு. கிட்னிக்குப் போடுத கேப்ஸ்யூல மாத்த மாட்டோம்னுட்டாவ. முந்தி வேற மருந்து குடுத்தப்ப இவியளுக்குச் சர்க்கரை ஏறி மயங்கிக் கெடந்தாவல்லா? நேர்ல வந்து அட்மிட் ஆனாத்தான் மாத்துவோம், லீவு கெடச்சதும் வாங்கன்னாவ.

— அப்ப அதே கேப்ஸ்யூல்தான். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.

— அதேதான் டாக்டரம்மா.

— ஹாங், அதேதான் மேடம்.

— பிரஷ் பண்ணினா வீக்கம் வடியும். பிரஷர் மாத்திரையை மாத்தினதுல இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆனா இந்த அளவுக்கு... சரி, ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வரச் சொல்லியிருந்தேனே, எங்க?

— மைக் டியூட்டி மேடம். நேரமே கிடைக்கல. அடுத்த வாரம் கட்டாயம்...

— பேன்ட்டைக் கொஞ்சம் மேல தூக்குங்க. கணுக்கால் பக்கம். அங்கிள், அழுத்தின இடத்துல குழி விழுது.

— நின்னுட்டே இருக்கேன்ல, அதான்.

— செருப்பு காலுல ஏறலன்னு நேத்து சொன்னிய. வெயிலுக்கு வீங்கியிருக்கும்னு சொன்னியளே?

— ஆன்ட்டி, பக்கத்து ரூம்ல சுசீலா சிஸ்டர் இருப்பாங்க. ரத்தம் எடுக்கணும்னு சொல்லிக் கூட்டிட்டு வாங்களேன்.

— இப்பவேவா? வெட்டுதது இல்லன்னு ஆன பொறவு ரத்தம் எதுக்கு? சரி, வாறேன். ஏங்க, அதுக்குள்ள அந்தச் சேர்ல இருந்து எந்திரிச்சிராதிய.

— கதவைச் சாத்திட்டுப் போங்க ஆன்ட்டி... இப்பச் சொல்லுங்க அங்கிள். அந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பிடறீங்களா, இல்லையா?

— சாப்பிடறேன்.

— அங்கிள்.

— காலைல சாப்பிடறேன் மேடம். மாதா மேல சத்தியமா.

— ராத்திரி?

— ராத்திரி டியூட்டிக்கு டப்பாவுல போட்டுக் குடுத்து விடுவா. கப்பல் ஜெட்டிக்குப் போனதும்... கடல்ல போட்டுடுவேன்.

— ஹே பக்வான்! அங்கிள், என்ன காரியம் பண்ணியிருக்கீங்க!

— நீங்கதானே சொன்னீங்க, ஈறு வளர்றது அந்த மருந்தாலன்னு?

— நிறுத்துங்கன்னு சொன்னேனா? மருந்தை மாத்தறதை சென்னை டாக்டர் பார்த்துக்குவார், நான் ஈறைப் பார்த்துக்கறேன்னுதானே சொன்னேன்? அந்த மருந்து இல்லன்னா உங்க உடம்பு அந்தக் கிட்னியை வேத்தாள்னு நினைச்சு அடிச்சே கொன்னுடும்.

— முழுசா நிறுத்தலையே. பாதிதானே? பாதி போனா கிட்னிக்குப் போதும், பாதி நின்னா வாய்க்குப் போதும்னு நினைச்சேன்.

— யார்கிட்டயாவது கேட்டீங்களா?

— கேட்டா வேண்டாம்னுதானே சொல்லுவீங்க. மேடம், மைக்குக்காக மட்டும்னு நினைக்காதீங்க. நான் வீட்டுல ஏதாவது சொன்னா லூசி 'ம், ம்'னு தலையை ஆட்டுவா. அவளுக்குப் புரிஞ்சிருக்காது. இன்னொரு தடவை கேட்டா எனக்கு மனசு வலிக்கும்னு கேக்கவே மாட்டா. உள்ளுறுப்பையே அறுத்துக் குடுத்தவளுக்குத் திருப்பிக் குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு? அந்தக் குரல் ஒண்ணுதான் இருந்துச்சு. நேத்துக்கூட நான் பேசப் பேச என் வாயையே பாத்துட்டு உக்காந்திருந்தா. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?

— உள்ள இருக்கறது அவங்க கிட்னி, அங்கிள்.

— தெரியும் மேடம். அதனாலதான் காலை மாத்திரையை ஒரு நாளும் விடல. அவளே உறையைப் பிரிச்சு, மத்த மாத்திரையோட சேர்த்து உள்ளங்கையில வைப்பா. ஒரே முழுங்கு. முன்னெல்லாம் பிரிச்சா வீடே நாறும். இப்ப வர்ற ஸ்டாக்குல அந்த நாத்தம்கூட இல்ல.

— காலை டோஸாவது உள்ள போயிருக்கே, நல்லவேளை. இப்ப நமக்கு இருக்கற நம்பிக்கை அது ஒண்ணுதான். நான் சென்னைக்கு உடனே போன் பண்ணறேன். இன்னைக்கே உங்களை அட்மிட் பண்ணணும். ஆன்ட்டிகிட்ட நீங்களே சொல்லிடுங்க.

— வேண்டாம் மேடம். உங்க கால்ல விழறேன். வேற என்ன காரணம் வேணும்னாலும் சொல்லுங்க. அவ தாங்க மாட்டா.

— காலு இப்படி வீங்கியிருக்கு. அவங்களுக்குத் தெரியாம எப்படி அங்கிள்?

— சிஸ்டர் கையக் கழுவிட்டு வாறாவ டாக்டரம்மா. என்ன, ரெண்டு பேரும் மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய? ஏங்க, அழுதியளா?

— உக்காரு லூசி.

— நிக்கேன். என்னன்னு சொல்லுங்க.

— ஈறு இறங்கினது உப்புத் தண்ணியால இல்ல. ராத்திரி மாத்திரையை நான் போடல. நீ டப்பாவுல குடுத்து விட்டதெல்லாம் ஹேடோ கடல்ல கிடக்கு.

— எப்பயில இருந்து?

— இந்த மேடம் ஈறைப் பத்திச் சொன்னாங்கல்ல, அன்னைக்கு ராத்திரியில இருந்து.

— அன்னையில இருந்தா? ஒண்ணுகூடவா போடல? ஒரு ராத்திரிகூடவா?

— போடல. திட்டு லூசி, அடி. உன் கிட்னியை வாங்கி வச்சுக்கிட்டு நான் இப்படி...

— ஆன்ட்டி, பதறாதீங்க. காலை டோஸ் ஒழுங்காப் போயிருக்கு. பாதி மருந்தாவது ரத்தத்துல இருக்கும். சென்னைல பேசி, என்ன செய்ய முடியுமோ எல்லாம் செய்வோம். ஆன்ட்டி? முதல்ல உக்காருங்க.

— டாக்டரம்மா, நீங்க ஈறப் பத்திச் சொன்ன அன்னைக்கு நானும்தானே இங்க நின்னேன். இவிய சொவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்து சாப்பிடுவாவ. நான் சிரிச்சிருவேனோன்னு எம்முன்னால வாயப் பொத்துவாவ. அதக் காணப் பொறுக்கல டாக்டரம்மா. ராத்திரிக்கு ஒண்ணு உள்ள போவுதுல்லா, கிட்னிக்கு அது போதும்னு நெனச்சேன்.

— லூசி, என்ன சொல்ற நீ?

— காலையில உங்க உள்ளங்கையில நான் வச்சது மீனெண்ண மாத்திரைங்க.