மழைத்தண்ணி மட்டும்

– அதைத் தொடாதீங்க அண்ணி.

– ஏன், கடிச்சிடுமா? ஈயைத் தின்னுற செடி என் விரலைத் தின்னு என்ன பண்ணப் போகுது.

– கடிக்காது. வீணா மூடிக்கும். ஒரு வாய் அதோட ஆயுசுக்கே நாலஞ்சு தரந்தான் மூடித் தொறக்கும், அப்புறம் கருகி விழுந்திடும். வர்றவங்க எல்லாம் விரலை விட்டு விட்டுப் பாத்து, பாதி வாய் செத்துப்போச்சு.

– நான்தான் தொட்டுட்டேனே. மூடலையே.

– ஒரு தரம் தொட்டா மூடாது. உள்ள முடி மாதிரி மூணு நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. ஒரு தரம் பட்டா தூசியோ என்னமோன்னு சும்மா இருக்கும். உடனே இன்னொரு தரம் பட்டாத்தான், உசுருள்ளது வந்திருக்குன்னு தெரிஞ்சு டப்புனு மூடும்.

– மனுஷங்களுக்கு இல்லாத நிதானம். இந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு தம்பி?

– "ஈப்பொறிச் செடி. சதுப்பு நிலத்தில் வளரும்." அவ்வளவுதான்.

– இத்தாம் பெரிய பலகையில அவ்வளவுதானா?

– மிச்சமெல்லாம் வாயில நுழையாத பேரு. உங்களுக்கு எதுக்கு அண்ணி அதெல்லாம்.

– உங்க அண்ணன் இதுக்கு வேற பேரு வெச்சிருந்தாரு.

– மாமியார்.

– எங்கம்மாவை நினைச்சு வெச்சது. "உங்கம்மாவுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம், இது எப்பவாவது வாயை மூடும்"னு என்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. வேலை விட்டு வந்து, சோறு வேகுற நேரத்துல, கரித்துண்டை எடுத்துத் தரையில இந்தப் பேரையெல்லாம் எழுதுவாரு. நாப்பது வயசுக்கு மேல எழுத்துப் படிச்ச மனுஷன் இல்லையா, கைக்குக் கிடைச்ச இடத்துலெல்லாம் எழுதணும் அவருக்கு. எழுதி வாய்விட்டுப் படிக்கிறது அவரு, துடைக்கிறது நான்.

– இங்கயும் அப்படித்தான். தரை கழுவிக்கிட்டு இருக்கறவரு பாதியில துடைப்பத்தை ஊனிக்கிட்டு ஒவ்வொரு பலகையா எழுத்துக் கூட்டிக்கிட்டு நிப்பாரு. சூப்பர்வைசர் பாத்துட்டு, "ஏன்யா, செடி உனக்குப் பரீட்சை வைக்கப் போகுதா"ன்னு கத்துவாரு.

– இங்க எப்பவுமே இப்படித்தான் மூச்சு முட்டுமா?

– வெய்யில் நேரம், மேலேயும் சுத்தியும் கண்ணாடி. பழகிடும் அண்ணி. ஒரு வாரம் தலை வலிக்கும், அப்புறம் தெரியாது. சூப்பர்வைசர் சும்மாவா பாஸ் குடுத்து அனுப்பினாரு? வேலை பாக்கப் போற இடத்தைப் பாத்துக்கட்டும்னுதான். பெரிய வேலை ஒண்ணும் இல்ல. தட்டுல தண்ணி ஊத்தணும், செத்த இலையைக் கத்தரிக்கணும், அவ்வளவுதான்.

– மணி என்ன?

– மூணேகால். நாலு மணிக்குள்ள ஆபீஸுக்குப் போயிடணும், அவரு கிளம்பிடுவாரு. இன்னிக்கு அந்தக் காகிதத்துல கைநாட்டு வெச்சுட்டீங்கன்னா ஒண்ணாந்தேதியிலேர்ந்து வேலை.

– வைக்கலைன்னா?

– கேளுங்க அண்ணி. வைக்கலைன்னா விசாரணைன்னு வெளியிலேர்ந்து ஆள் வருவாங்க. ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேப்பாங்க. வருஷக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் ரெண்டு பொம்பளைப் புள்ளைங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?

– அதைத்தான் நேத்து முழுக்க யோசிச்சேன். ஆமா, டிக்கெட் கிழிக்கிறவன் என்னைப் பாத்ததும், "பாவம், அந்தப் பழக்கம் மட்டும் இல்லாம இருந்திருந்தா"ன்னு உச்சுக்கொட்டினானே. என்ன பழக்கம் தம்பி?

– அவனா? அவனுக்கு வேற வேலை இல்ல. கண்ட இடத்துல ஏறுற பழக்கம்னு சொல்லியிருப்பான்.

– உங்க அண்ணன் வீட்டுல விளக்கு மாட்டுறதுக்கு முக்காலியில ஏறச் சொன்னாலே என்னைப் பிடிச்சுக்கச் சொல்லுவாரு.

– வாங்க அண்ணி, அந்தப் பக்கம் பிசினுச் செடி இருக்கு. இலையெல்லாம் பனித்துளி மாதிரி மின்னும்.

– இரு. மேல பாரு. எல்லாக் கண்ணாடியும் பாசி பிடிச்சுப் பச்சையா இருக்கு. அது ஒண்ணு மட்டும் பளிச்சுனு இருக்கே.

– அது... புதுசு.

– புதுசுன்னு எனக்கும் தெரியுது.

– அதுதான் அண்ணி. அது வழியாத்தான்.

– அப்ப நான் நிக்கிற இடம்.

– கொஞ்சம் தள்ளி வாங்க.

– எதுக்கு? கழுவித்தானே இருக்கீங்க.

– கழுவினேன். நான்தான் கழுவினேன். வேற யாரையும் விடல.

– உங்க அண்ணன் வேலை அது. தரை கழுவுறது.

– ஓரமா வந்துடுங்க அண்ணி, மைக்கைப் பிடிச்சுக்கிட்டு வழிகாட்டியம்மா கூட்டத்தோட வருது. இங்க நின்னா நம்மளையும் செடின்னு நினைச்சு விளக்கம் சொல்லிடும்.

– அன்பர்களே, எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்கள். இது குடுவைச் செடி. விளிம்பில் தேன் சுரக்கும். அந்த ஆசையில் பூச்சி வந்து உட்காரும். காய்ந்திருக்கும்போது ஒன்றும் ஆகாது. ஈரம் பட்டுவிட்டால் விளிம்பு அப்படியே வழுக்கும். உள்ளே விழுந்த பூச்சி மேலே ஏறவே முடியாது. இன்னொரு செய்தி அன்பர்களே, இந்தச் செடிகள் குடிப்பது மழைநீர் மட்டும். இந்தக் கூரையில் விழும் மழை ஓர வாய்க்கால் வழியாகப் பின்னால் உள்ள தொட்டிக்குப் போகிறது. குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது, அது வேரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொசுக்கிவிடும். அதனால் ஒரு சொட்டுக்கூட நாங்கள் ஊற்றுவதில்லை.

– அம்மா, ஒரு சந்தேகம்.

– கேளுங்கள் அம்மா.

– அந்த மூலையில சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்கே, அடியில கருகருன்னு தெரியுதே. அதுங்க எதைக் குடிச்சுதுங்க?

– அது... அவை ஓய்வில் இருக்கின்றன அம்மா. பருவம் மாறும்போது சில செடிகள் ஓய்வெடுக்கும். அன்பர்களே, அடுத்த மேசைக்குப் போவோம். பார்த்து, தரை ஈரமாக இருக்கிறது.

– அண்ணி, வேலைக்கு வரப்போற இடத்துல இப்படியெல்லாம் கேக்கலாமா? நாளைக்கு அவங்க கூடத்தானே நிக்கணும்.

– அது ஓய்வா தம்பி?

– போவோம் அண்ணி. மணியாகுது.

– அது ஓய்வான்னு கேட்டேன்.

– இல்ல. செத்துப்போச்சு.

– தொட்டி யாரு பொறுப்பு?

– அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணி, வாங்க.

– நான் விசாரணைக்கு வந்த ஆள் இல்ல. உங்க அண்ணன் பொண்டாட்டி. தரை கழுவுறவரு, முக்காலியில ஏறவே பயப்படுறவரு, விடிகாலையில மழையில எதுக்குக் கூரை மேல ஏறினாருன்னு எனக்குத் தெரிய வேணாமா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

– சொன்னா நீங்க என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டீங்க.

– இப்ப மட்டும் நீ என் மூஞ்சியையா பாத்துப் பேசுற? வாசல்லேர்ந்து செடியைப் பாத்துத்தான் பேசிக்கிட்டு வர்ற.

– தொட்டி அடிமட்டத்துக்குப் போயிடுச்சு அண்ணி. மூணு மாசமா மழை இல்ல. தொட்டி கொறைஞ்சா எழுதிக் குடுக்கணும், வேற இடத்துலேர்ந்து மழைத்தண்ணி வண்டியில வரும். நான் எழுதிக் குடுக்க மறந்துட்டேன். கேட்டா திட்டுவாங்களேன்னு, குழாயைத் தொறந்து பாதித் தொட்டி நெரப்பிட்டேன். தண்ணி தண்ணிதானேன்னு நினைச்சேன். முதல் வாரம் ஒண்ணும் தெரியல. செடியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. மூணாவது வாரம் நுனியெல்லாம் கருக ஆரம்பிச்சிடுச்சு. செடிக் கண்காட்சிக்கு அப்பப் பத்து நாள்தான் இருந்துச்சு.

– அண்ணன்கிட்டப் போய் அழுதே.

– வேற யாருகிட்டப் போவேன்? அவருதான் யோசனை சொன்னாரு. தொட்டியைக் காலி பண்ணிடு, மழை வர்ற மாதிரி இருக்கு, புதுத் தண்ணி பிடிச்சு வேரையெல்லாம் அலசிவிட்டா பொழைச்சுக்கும்னு. அன்னிக்கு விடிகாலையில மழை வந்துச்சு. ஆனா வாய்க்காலெல்லாம் இலை அடைச்சு, தண்ணி தொட்டிக்கு வராம வெளியில கொட்டுது. இலையை வாரணும். எனக்கு மேல ஏறினா தலை கிறுகிறுன்னு வரும்.

– அவருக்கும்தான் வரும்.

– அது எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா தெரியாது. சின்ன வயசுலேர்ந்து எனக்காக மரத்துல ஏறுவாரு, ஓட்டுல ஏறுவாரு. அவருக்குப் பயம்னு ஒரு நாள் சொன்னதில்ல.

– உன்கிட்ட எப்படிச் சொல்லுவாரு? நீ தம்பி. ஏணியை யாரு பிடிச்சா?

– நான்தான். ஆனா மேலேர்ந்து கத்தினாரு, "டேய், தொட்டி அடைப்பை மூடினியா"ன்னு. காலி பண்ணத் தொறந்தவன் மூடவே இல்ல. விழுற மழையெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு. ஏணியை விட்டுட்டு ஓடினேன். அடைப்பைத் திருகிக்கிட்டு இருக்கும்போதே சத்தம் கேட்டுச்சு.

– கண்ணாடிச் சத்தமா?

– முதல்ல கண்ணாடி. அப்புறம் இன்னொண்ணு.

– போதும்.

– திரும்பி ஓடி வந்தேன். இந்த மேசை ஓரத்துல... கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. மேல இருந்து மழை அவரு மூஞ்சியிலயே கொட்டிக்கிட்டு இருந்துச்சு அண்ணி.

– அழாத. சனங்க பாக்குறாங்க. இந்தா, முந்தானையில துடைச்சுக்க. அன்னிக்கு அவரு ஒண்ணும் சாப்பிடாம வந்தாரு தெரியுமா? ரெண்டு நாளா இருமல். மருந்து ஒரு மூடி குடிச்சாலே தலையைச் சுத்தித் தூங்கிடுவேன், தம்பி வரச் சொல்லியிருக்கான்னு அதையும் குடிக்காம வந்தாரு.

– ஒரு மூடி இருமல் மருந்துக்கே சாஞ்சிடுற மனுஷன்.

– ஆமா. நாம ரெண்டு பேரும்தான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவோம்.

– என்னை அடிச்சிடுங்க அண்ணி.

– அடிச்சா வந்துடுவாரா? வேற ஏதாவது இருக்கா தம்பி? இருந்தா இப்பவே சொல்லிடு. ஒரே நாள்ல எல்லாத்தையும் கேட்டுக்கிறேன். நாளைக்கு ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணுன்னு கேக்க என்னால முடியாது.

– வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா.

– யார் மேல சத்தியம்?

– அண்ணன் மேல.

– சரி. இந்தா அந்தக் காகிதம். நேத்து வீட்டுல வெச்சுட்டு நீ பாட்டுக்குப் போயிட்ட. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டு. விரல் வைக்கிறவளுக்கு எதுல வைக்கிறோம்னு தெரிய வேணாமா?

– எல்லாம் வழக்கமா எழுதறதுதான் அண்ணி.

– படி.

– "மேற்படி பணியாளர் எவருடைய உத்தரவும் இன்றி, தன் சொந்த விருப்பத்தின் பேரில் கண்ணாடி மாளிகையின் கூரை மேல் ஏறி, கால் தவறி விழுந்து இறந்தார். இது குறித்து நிர்வாகத்தின் மீதோ உடன் வேலை செய்பவர்கள் மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. இப்படிக்கு, அவர் மனைவி."

– அவ்வளவுதானா?

– அவ்வளவுதான்.

– இவ்வளவு நீளக் காகிதத்துல?

– கவர்மெண்டு எழுத்து அண்ணி, சொன்னதையே சுத்திச் சுத்திச் சொல்லியிருப்பாங்க.

– இன்னொரு தரம் படி. நிதானமா.

– "மேற்படி பணியாளர்... எவருடைய உத்தரவும் இன்றி... தன் சொந்த விருப்பத்தின் பேரில்... கண்ணாடி மாளிகையின் கூரை மேல் ஏறி, கால் தவறி விழுந்து இறந்தார். இது குறித்து... எனக்கு எந்தக் குறையும் இல்லை." அதேதான் அண்ணி. ஒரு எழுத்து மாத்தல.

– ம்.

– மணி மூணே முக்கால். போகலாமா?

– போகலாம். உன் சட்டைப் பையில பேனா இருக்கே, அதைக் குடு.

– பேனா எதுக்கு? ஆபீஸ்ல மை டப்பா வெச்சிருப்பாங்க. கட்டை விரலை வெச்சா போதும்.

– குடு தம்பி.

– இந்தாங்க. என்ன அண்ணி, கிறுக்கிப் பாக்கப் போறீங்களா? காகிதம் வீணாயிடப் போகுது.

– மூணாவது வரியில, "குடித்திருந்தார் என்று அவருடைய தம்பி சொன்னபடி"ன்னு எழுதியிருக்கே, ரெண்டு தரமும் நீ தாண்டிப் போனியே, அதை அடிக்கத்தான்.